முதலீட்டாளர் விசா மூலம் அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற முடியுமா?

முடியும். அதற்கான வழி இபி-5 (EB-5) என்ற முதலீட்டாளர் விசா. 2022-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 10.5 லட்சம் டாலர் முதலீடு வேண்டும். கிராமப்புறம் அல்லது வேலையின்மை அதிகமான பகுதி என்றால் 8 லட்சம் போதும். அந்த முதலீட்டால் குறைந்தது 10 பேருக்கு முழுநேர வேலை உருவாக வேண்டும். கணவன் அல்லது மனைவிக்கும், 21 வயதுக்கு உட்பட்ட திருமணமாகாத பிள்ளைகளுக்கும் சேர்த்தே கிரீன் கார்டு கிடைக்கும்.

பலர் தடுமாறுவது பணத்தின் மூலத்தைக் காட்டுவதில்தான். நிலம் விற்ற பணமா? பத்திரம், வரி கட்டிய கணக்கு, வங்கி வழியே பணம் நகர்ந்த தடம் எல்லாம் வேண்டும். அப்பா கொடுத்தது என்றால் அவருக்கு அது எப்படி வந்தது என்றும் காட்ட வேண்டும். ரொக்கமாகக் கைமாறிய தொகையை நிரூபிப்பது மிகக் கடினம். அப்புறம், ரிசர்வ் வங்கி விதிப்படி இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர்தான் வெளியே அனுப்பலாம். அதனால் முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

முதலில் கிடைப்பது இரண்டு ஆண்டு நிபந்தனைக் கார்டு. அது முடியும் முன் கடைசி 90 நாட்களுக்குள், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-829 மனு போட்டு, வேலைகள் உருவானதைக் காட்ட வேண்டும்.

"போட்ட பணம் நிச்சயம் திரும்பும்" என்று எந்த முகவராவது உறுதி கொடுத்தால் தயவுசெய்து விலகிவிடுங்கள். முதலீடு நஷ்ட அபாயத்தில் இருக்க வேண்டும் என்பதே விதி. முகவர் சொல்வதை நம்பாமல், திட்டத்தோடு தொடர்பில்லாத வழக்கறிஞரிடம் ஆவணங்களைக் காட்டுங்கள்.