பெரிய கெளுத்திக்கு உயிர் இரை: எந்த மீனை வாங்குவது, எங்கே தூண்டில் முள்ளைக் கோப்பது?

கேள்வி: பெரிய கெளுத்தி பிடிக்கலாம் என்று உயிரோடு இரைமீன் வாங்கினேன். தண்ணீர்க் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி செத்துவிட்டது. விற்றவரோ, தொட்டியில் நன்றாகத்தான் இருந்தது என்கிறார். என்ன பார்த்து வாங்கியிருக்க வேண்டும்?

பதில்: மீனைப் பார்ப்பதற்கு முன் தொட்டியைப் பாருங்கள். அடியில் செத்த மீன் கிடந்தாலோ, தண்ணீர் கலங்கி நாற்றம் அடித்தாலோ, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீன்கள் அதிகம் தெரிந்தாலோ அன்றைக்கு அங்கே வாங்காதீர்கள். நல்ல இரைமீன் நிமிர்ந்து நீந்தும். வலையை உள்ளே விட்டதும் சிதறி ஓடும். செதில் உதிர்ந்த இடத்தில் பஞ்சு போல வெள்ளை படிந்திருந்தால் அது பூஞ்சை. அந்த மீன் முள்ளில் அதிக நேரம் தாங்காது.

இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த மீன் எப்போது வந்தது? அன்று காலை வந்து இறங்கியதை விட, வந்து ஓரிரு நாள் தொட்டியில் தாக்குப்பிடித்ததே மேல். பயணத்தில் அடிபட்டவை அதற்குள் செத்துக் கழிந்திருக்கும்.

இனமும் முக்கியம். வெள்ளியாக மின்னும், செதில் எளிதில் உதிரும் மெல்லிய மீன்கள் கையில் எடுத்தாலே சோர்ந்துவிடும். கெண்டை, சிலேபி போன்ற தடித்த உடம்புக்காரர்கள் முள்ளிலும் வெகுநேரம் துடிப்போடு இருப்பார்கள். நீளம் 12 முதல் 20 செ.மீ. வரை போதும். உண்மையிலேயே மிகப் பெரிய கெளுத்தி இருக்கும் நீர் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு சாண் மீனையும் போடலாம்.

வாங்கிய பிறகு கொல்வது பெரும்பாலும் சூடும் நெருக்கடியும்தான். 10 டிகிரி செல்சியஸ் நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை அளவுக்கு இறங்கிவிடும். அதனால் வாளியில் கொஞ்சம் மீன், நிறையத் தண்ணீர், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப், நிழல். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், அதிலுள்ள குளோரின் செவுளைப் பொசுக்கிவிடும். ஐஸ் போடுவதானால் மூடிய பாட்டிலுக்குள் வைத்து மிதக்க விடுங்கள். உருகும் ஐஸும் பெரும்பாலும் குழாய்த் தண்ணீர்தானே? காசு போடுவதென்றால், கூடுதலாக நாலு மீனுக்குப் போடாமல் அந்தப் பம்புக்குப் போடுங்கள்.

கேள்வி: உயிர்மீன் கட்டாயம் வேண்டுமா? வெட்டிய மீன் துண்டு போதாதா?

பதில்: எந்தக் கெளுத்தி என்பதைப் பொறுத்தது. சேனல் கெளுத்தி (channel catfish) என்ற வட அமெரிக்க இனத்துக்கு வெட்டிய மீனின் வாடையே போதும், வீணாகச் செலவு செய்ய வேண்டாம். தட்டைத்தலைக் கெளுத்தி (flathead catfish, அதுவும் வட அமெரிக்க இனம்) வேறு ரகம். வளர்ந்த பிறகு அது பெரும்பாலும் உயிருள்ள மீனையே வேட்டையாடும். இருட்டிலும் கலங்கலிலும் இரையின் அசைவை உடம்பாலும் காதாலும் உணர்ந்து வரும் மீன் அது. அதற்குத் துடிக்கும் இரைதான் சரி.

கேள்வி: இணையத்தில் 8-ஆம் எண் முள் வாங்கினேன். வந்ததோ பொடி முள். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, எண்ணில்தான் சிக்கல். வெறும் 8 என்றால் சின்ன முள். அந்த வரிசையில் எண் ஏற ஏற முள் சிறுக்கும். 8/0 என்று சாய்கோடும் சுழியும் சேர்ந்தால் வரிசை தலைகீழ், எண் ஏற ஏற முள் பெருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. பொருள் பிரிக்காமல் இருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அதோடு, 8/0 என்பதற்கு எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவான அளவு கிடையாது. எண்ணை மட்டும் நம்பாமல் முள்ளை மீன் மேல் வைத்துப் பாருங்கள். கோத்த பிறகும் முனைக்கும் தண்டுக்கும் நடுவில் தாராளமாக இடம் தெரிய வேண்டும். மீனின் உடம்பே அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் கெளுத்தி கவ்வினாலும் முள் ஏறாது.

வட்ட முள்ளா (முனை உள்பக்கமாகத் தண்டை நோக்கி வளைந்தது), ஜே வடிவ முள்ளா என்றால் நான் வட்ட முள்ளைத்தான் சொல்வேன். பெரும்பாலும் வாய் ஓரத்திலேயே மாட்டும், தொண்டைக்குள் இறங்குவது குறைவு. பிடித்ததைத் திரும்ப விடுபவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் இதில் வெடுக்கென்று சுண்டக் கூடாது. தூண்டில் கம்பு நன்றாக வளையும் வரை பொறுத்து, அப்புறம் சீராக ரீலைச் சுற்றுங்கள். சுண்டினால் முள் வாயிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும்.

கேள்வி: உயிர்மீனை எந்த இடத்தில் கோப்பது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: ஆளுக்கொன்று சொல்வது, ஒவ்வொருவரும் மீன் பிடிக்கும் தண்ணீர் வேறு என்பதால்தான். ஓடும் நீரில் ஈயக்குண்டு கட்டி அடியில் நிறுத்துவதானால் தலைப்பக்கம் கோத்துவிடுங்கள். மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், மூச்சும் விடும். வாலருகே கோத்தால் தூண்டில் நரம்பு அதைப் பின்பக்கமாக இழுத்தபடி இருக்கும், சீக்கிரம் செத்துவிடும். தலைப்பக்கம் என்றாலும் இரண்டு உதட்டையும் சேர்த்துக் கோத்தால் வாய் பாதி மூடிக்கொள்ளும், செவுளுக்குத் தண்ணீர் போவது குறையும். வெகுநேரம் போட்டு வைப்பதானால் மேலுதடு மட்டும், அல்லது மூக்குத் துளை வழியாக.

தேங்கிய நீரில் மிதவைக்குக் கீழே தொங்கவிடும்போது முதுகுத் துடுப்புக்குப் பின்னால் கோக்கலாம். தோலும் மேல் சதையும் மட்டும் பிடித்தால் போதும். ஆழமாகப் போனால் முதுகெலும்பில் பட்டு, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அசைவே நின்றுபோகும். வாலுக்குச் சற்று முன்னால், எலும்புக்கு மேலாகக் கோத்தால் மீன் விலகி ஓடப் பார்த்து அதிகம் துடிக்கும். இதுவும் தேங்கிய நீருக்குத்தான்.

கோத்து முடித்ததும் முள் முனையைப் பாருங்கள். ஒரு செதில் அதில் குத்தி நிற்கும். அதை எடுக்காமல் வீசினால் எவ்வளவு கூரான முள்ளும் வாயில் ஏறாமல் போகலாம். பலர் கவனிக்காத இடம் இது.

கேள்வி: மீந்த உயிர்மீனை அங்கேயே தண்ணீரில் விட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வேறு நீரின் மீனோடு நோயும் ஒட்டுண்ணியும் சேர்ந்து போகும். அந்நிய இனம் பெருகினால் பிறகு அகற்ற முடியாது. வாளித் தண்ணீரைக் கூடக் கரையிலிருந்து தள்ளி, தரையில் கொட்டுங்கள். உயிர்மீன் இரைக்கே தடை உள்ள இடங்களும் உண்டு. ஸ்காட்லாந்து, அயர்லாந்து நன்னீர்களில் அது சட்டவிரோதம். வாங்கும் முன் நீங்கள் போகும் நீர்நிலையின் விதியை விசாரித்துவிடுங்கள். மீந்ததை உடனே கொன்று ஐஸில் வைத்தால், அடுத்த முறை வெட்டு இரையாக அதே நீரில் பயன்படும்.