கேள்வி–பதில்: இராக் ஆக்கிரமிப்பும் டி.வி. பரபரப்பும்

கேள்வி: மூன்றே வாரத்தில் பாக்தாத்தைப் பிடித்த அமெரிக்கா, அப்புறம் எட்டு வருஷம் திணறியது ஏன்? (வாசகர், கும்பகோணம்)

ஊரைப் பிடிக்க வேண்டிய ஆள்பலம் வேறு, பிடித்த ஊரைக் கட்டிக்காக்க வேண்டிய ஆள்பலம் வேறு. ஆக்கிரமித்த நாட்டில் ஒழுங்கை நிலைநாட்ட, ஆயிரம் மக்களுக்கு 20 பாதுகாப்புப் படையினர் வேண்டும் என்பது ராணுவ ஆய்வாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. இராக்கில் அன்று சுமார் இரண்டரைக் கோடிப் பேர். பெருக்கினால் 5 லட்சம் வருகிறது. இருந்த அமெரிக்கப் படையோ ஒன்றரை லட்சம்தான்.

தெரியாமல் செய்ததல்ல இது. படையெடுப்புக்கு முந்தைய மாதம், 2003 பிப்ரவரியில், தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி பல லட்சம் வீரர்கள் தேவைப்படும் என்று செனட் குழுவிடம் சொன்னார். ஓரிரு நாளில் பாதுகாப்புத் துறையின் இரண்டாம் நிலைத் தலைவரான பால் உல்ஃபோவிட்ஸ் அதை அடியோடு மறுத்தார். விளைவு, ஏப்ரலில் அமைச்சகங்கள் கண்ணெதிரே சூறையாடப்பட்டன. எண்ணெய் அமைச்சகத்துக்கு மட்டும் காவல் இருந்தது. ஆயுதக் கிடங்குகளில் பல கேட்பாரற்றுக் கிடந்தன. பின்னால் சாலையோரக் குண்டுகளாக வெடித்த பீரங்கிக் குண்டுகளில் ஏராளமானவை அங்கிருந்து போனவைதான்.

கேள்வி: இராக் ராணுவத்தைக் கலைத்ததுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணமா? (வாசகி, திருநெல்வேலி)

பாதிக் காரணம். மீதிப் பாதி அதற்கு ஒரு வாரம் முன்னால் நடந்தது. இராக்கை நடத்த அமெரிக்கா அனுப்பிய நிர்வாகியாக வந்திறங்கிய பால் பிரெமர் 2003 மே 16-ல் முதல் உத்தரவில் கையெழுத்திட்டார். அதுவரை ஆண்ட சதாம் உசேனின் பாத் கட்சியில் மேல் நான்கு படிநிலைகளில் இருந்தவர்களுக்கு அரசு வேலை கிடையாது. அத்தோடு நிற்கவில்லை. அமைச்சகம், அரசு மருத்துவமனை, பல்கலைக்கழகம் எதுவானாலும், மேல் மூன்று அடுக்குப் பதவிகளில் இருப்பவர் கட்சியின் முழு உறுப்பினர் என்று தெரிந்தால் அவரும் வெளியே. சதாம் காலத்தில் கட்சி அட்டை இல்லாமல் பதவி உயர்வு கிடைப்பதே பாடு. அதனால் கொலைகாரர்களோடு சேர்ந்து தலைமையாசிரியர்களும் மின்வாரியம் நடத்தத் தெரிந்தவர்களும் வீட்டுக்குப் போனார்கள்.

மே 23-ல் இரண்டாம் உத்தரவு. ராணுவம் கலைப்பு, சுமார் 4 லட்சம் பேர். ராணுவம் ஏற்கெனவே தானாகக் கலைந்து வீட்டுக்குப் போய்விட்டது என்பது பிரெமர் தரப்பு வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை, முகாம்களில் ஆளே இல்லைதான். ஆனால் கட்டாயச் சேவைக்கு வந்த சிப்பாய் வீடு திரும்புவது வேறு, இருபது வருஷம் உத்தியோகம் பார்த்த அதிகாரிக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் நிற்பது வேறு. ஜூனில் சம்பளம் கேட்டுத் திரண்ட முன்னாள் வீரர்கள் இருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிறகே மாதப்படி அறிவிக்கப்பட்டது. வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதிச் சம்பளம் கொடுத்திருந்தால், யார் எங்கே இருக்கிறார் என்பதாவது தெரிந்திருக்கும். பின்னால் தலையெடுத்த ஐ.எஸ். தீவிரவாத அமைப்பின் கட்டுமானத்தை வகுத்த ஹாஜி பக்ர், சதாம் படையின் முன்னாள் கர்னல்.

இந்த இரண்டு உத்தரவுகளும் வெறும் காகிதம். படம் பிடிக்க என்ன இருக்கிறது? டி.வி.யில் இவற்றுக்குக் கிடைத்த நேரம் சொற்பம்.

கேள்வி: சதாம் சிலை விழுந்த காட்சி நாடகமா? (வாசகர், ஈரோடு)

முழு நாடகம் என்று சொல்வதும் மிகை. 2003 ஏப்ரல் 9 அன்று ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சில இராக்கியர்கள் சம்மட்டியால் பீடத்தை அடித்தது நிஜம். சிலை அசையவில்லை. பழுதான டாங்கிகளை இழுக்கும் எம்-88 மீட்பு வண்டியைக் கொண்டுவந்து சங்கிலி மாட்டி இழுத்தவர்கள் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர். நடுவில் ஒருவர் சிலையின் முகத்தில் அமெரிக்கக் கொடியைப் போர்த்த, சங்கடமாகி, எடுத்துவிட்டு இராக் கொடியைக் கொண்டுவந்தார்கள்.

அத்தனை கேமராக்கள் எப்படி வந்தன? வெளிநாட்டு நிருபர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் ஹோட்டல் அந்தச் சதுக்கத்தை ஒட்டியே இருந்தது. நெருக்கமான காட்சியில் ஜனக்கடல். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் பாதிச் சதுக்கம் காலி. இன்னொன்று, அது ஏதோ பழம்பெரும் சிலை அல்ல. நிறுவி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

கேள்வி: போர்ச் செய்தியில் எதை நம்புவது? வழி உண்டா? (வாசகி, சேலம்)

எண் வந்தால், அது எதன் எண் என்று கேளுங்கள். பாக்தாத் அருங்காட்சியகத்தில் 1,70,000 பொருட்கள் கொள்ளை என்று உலகமே அலறியது. அந்த எண், அங்கே இருந்த மொத்தச் சேகரிப்பைக் குறித்துச் சொல்லப்பட்டது. போனது சுமார் 15,000. அதுவே பெரிய இழப்புதான், ஊதிக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. முக்கியமான பொருட்கள் பலவற்றை ஊழியர்கள் முன்கூட்டியே மறைத்து வைத்திருந்தார்கள்.

அடுத்து, செய்தி வட்டமடிக்கிறதா என்று பாருங்கள். 2002 செப்டம்பர் 8 அன்று, அணுகுண்டு தயாரிப்புக்காக இராக் அலுமினியக் குழாய்கள் வாங்க முயல்வதாகப் பெயர் சொல்லாத அதிகாரிகளை வைத்து நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அன்றே துணை அதிபர் டிக் சேனி டி.வி.யில் அந்தச் செய்தியையே ஆதாரமாகக் காட்டினார். அரசு கசியவிட்டது, பத்திரிகை போட்டது, அதையே அரசு மேற்கோள் காட்டியது. 81 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தக் குழாய்கள் சாதாரண ராக்கெட்டுக்கானவை என்று சர்வதேச அணுசக்தி முகமை பின்னர் சொன்னது.

மூன்றாவது, திருத்தம் எங்கே வருகிறது என்பது. மேற்படிச் செய்தி முதல் பக்கம். 2004 மே 26-ல் அந்தப் பத்திரிகை தன் இராக் செய்திகளில் இருந்த குறைகளை ஒப்புக்கொண்ட குறிப்பு பத்தாம் பக்கம்.

கேள்வி: இந்தியாவும் படை அனுப்பவிருந்ததாமே? (வாசகர், காரைக்குடி)

அமெரிக்கா கேட்டது. ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இல்லை என்று சொல்லி 2003 ஜூலை 14-ல் வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது. நல்ல வேளை.

கேள்வி: 2007-ல் கூடுதல் படை அனுப்பி ஜெயித்துவிட்டார்கள் என்கிறார்களே? (வாசகர், புதுச்சேரி)

வன்முறை வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் கூடுதலாக வந்த சுமார் 30,000 வீரர்கள் மட்டும் சாதித்ததல்ல அது. அல் காயிதாவை எதிர்த்துத் திரும்பிய சுன்னி இளைஞர்கள் சுமார் ஒரு லட்சம் பேருக்கு மாதம் சுமார் 300 டாலர் கொடுத்து ஊர்க்காவலில் நிறுத்தினார்கள். அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரை அரசுப் படையில் சேர்ப்பதாகப் பேச்சு. இராக் பிரதமர் மாலிக்கியின் அரசு அதை இழுத்தடித்தது, சம்பளமும் பாக்கி விழுந்தது. 2011 டிசம்பரில் கடைசி அமெரிக்கப் படை வெளியேறியது. 2014 ஜூனில் மொசூல் நகரம் ஐ.எஸ். கையில்.