காளி கோயிலுக்கு நடந்து போகும் தூரம்

அன்புள்ள அக்கா,

கனடாவில் ஸ்காபரோவிலிருந்து மூன்று வருடமாக உங்களை வாசிக்கிறேன். இன்று எழுதுவது ஒரு யோசனை கேட்க. ஆடி மாதம் அம்மாவைத் திருகோணமலைக்குக் கூட்டி வருகிறோம். அம்மாவுக்கு 74 வயது. டைக் வீதியில் பிறந்து வளர்ந்து, சண்முகா பள்ளிக்கூடத்தில் படித்தவர். 1986இல் வெளிக்கிட்டவர், ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. இப்போது அங்கே எங்களுக்கு வீடும் இல்லை, நெருங்கிய ஆட்களும் இல்லை. நான், கணவர், அம்மா, 13 வயது மகள், 9 வயது மகன் என்று ஐந்து பேர், ஐந்து இரவு. டவுனுக்கு வெளியே உப்புவெளியில் கடலைப் பார்த்தபடி இரண்டு அறை அபார்ட்மென்ட் ஒன்றைக் கணவர் பார்த்து வைத்திருக்கிறார். சமையலறை, வாஷிங் மெஷின் எல்லாம் உண்டு. அம்மாவுக்குப் பிடித்ததைச் சமைக்கலாம், வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும் என்கிறார். டவுனுக்குள் ஹோட்டல் என்றால் இரண்டு அறை எடுக்க வேண்டும், காசும் கூட. எனக்கு ஏனோ டவுன்தான் சரியென்று படுகிறது, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால், "என்னை டைக் வீதியில விட்டால் கண்ணைக் கட்டினாலும் காளி கோயிலுக்கு நடந்து போவன்" என்கிறார், அவ்வளவுதான். எது நல்லது?

ஒரு வாசகி, ஸ்காபரோ


அன்புள்ள தங்கைக்கு,

டவுனிலேயே தங்குங்கள். உங்களுக்குச் சொல்லத் தெரியாத காரணத்தை நான் ஒரு காலையில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என்னோடு படித்த ஒருத்தி லண்டனிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். நிலாவெளி வீதியில், டவுனிலிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர் தள்ளி ஒரு முழு வீட்டை எடுத்திருந்தார்கள். நல்ல வீடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுடைய அம்மாவும் உங்கள் அம்மாவைப் போல டவுனில் பிறந்து வளர்ந்தவர். அவர்கள் வந்த மறுநாள் காலை சாம்பல்தீவுப் பக்கம் ஒரு அலுவலாகப் போன நான், அப்படியே எட்டிப் பார்ப்போமென்று அங்கே இறங்கினேன். ஆறு மணி இருக்கும். கேட் உள்ளுக்குப் பூட்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் அன்ரி இருந்தார். தலைக்குக் குளித்து, கரை வைத்த சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி.

"எங்கேயன்ரி வெளிக்கிட்டு இருக்கிறீங்கள்?"

"கோயிலுக்குத்தான் பிள்ளை. அஞ்சு மணிக்கே எழும்பிட்டன். அதுகள் களைச்சுப் படுத்திருக்குதுகள், எழும்பட்டும்."

திறப்பு மருமகனிடம். அவரை எழுப்ப அன்ரிக்கு மனமில்லை. நான் கூப்பிடப் பார்த்தேன், அதற்கும் விடவில்லை. கேட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர் என்று அரை மணித்தியாலம் நின்று கதைத்தோம். அன்றைக்கு அவர்கள் கோட்டைக்குள் மலை மேல் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பத்தரை மணி தாண்டிவிட்டதாம். செருப்பைக் கழற்றி வைத்து அந்த வெயிலில் கல்லில் கால் வைக்க முடியாமல், பாதி வழியில் ஒரு நிழலில் அன்ரியை இருத்திவிட்டு மற்றவர்கள் மட்டும் மேலே போய் வந்தார்கள். யாரிலும் பிழையில்லை. விமானக் களைப்பில் வந்த பிள்ளைகள் விடிய எழும்ப முடியாது, ஊருக்குப் புதிய மருமகனுக்கு எந்த நேரத்தில் எங்கே போக வேண்டுமென்று தெரியாது. ஆனால் தான் பிறந்த ஊருக்குப் போக அன்ரி நாலு பேரைக் கேட்க வேண்டியிருந்தது.

உங்கள் கணவர் சொல்லும் 'வீடு மாதிரி' என்பது எனக்கு விளங்குகிறது. அவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் உங்கள் அம்மாவுக்கு வீடு என்பது நாலு சுவரும் சமையலறையும் இல்லை. அந்தத் தெருக்கள்தான் அவருடைய வீடு. உப்புவெளி அவருக்குச் சின்ன வயதில் எப்போதாவது போய் வந்த இடமாக இருக்கும். அங்கே எவ்வளவு அழகான பல்கனி இருந்தாலும் அதிலிருந்து அவர் பார்க்கப்போவது கடலைத்தான். டவுனில் ஹோட்டல் என்றால் விடிய ஐந்தரைக்கு அவர் தானாகக் கதவைத் திறந்து இறங்கி வரலாம். கீழே மேசையில் ஒருவர் இருப்பார், "கோயிலுக்குப் போய்ட்டு வாறன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போகலாம். காளி கோயிலில் கும்பிட்டுவிட்டு, மைதானத்தைத் தாண்டி, கோட்டைப் பக்கம் மான்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, டச் பே கடற்கரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வருகிற வழியில் ஒரு சைவக்கடையில் பிளேன்டீ குடித்து, நீங்கள் எழும்பும்போது திரும்பி வந்திருப்பார். உங்களுக்குச் சொல்ல அவரிடம் நாலு கதையும் இருக்கும். நாற்பது வருடத்துக்குப் பிறகு அவருக்கு அந்த ஊரில் தனியாக ஒரு மணித்தியாலம் வேண்டும். நீங்கள் கொடுக்கக்கூடியதில் பெரியது அதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். 1950இல் கிணறு வெட்டும்போது கோணேசரின் பழைய வெண்கல விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. பிறகு கோயிலைத் திரும்பக் கட்டி 1963 மார்ச்சில் கும்பாபிஷேகம் செய்தார்கள். அப்போது உங்கள் அம்மாவுக்குப் பதினொரு வயதளவில் இருக்கும். டைக் வீதியில் இருந்த பிள்ளை அதைப் பார்க்காமல் இருந்திருக்காது.

சரி, சமையலறைக்கு வருவோம். உங்கள் கணவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: யார் சமைப்பது? நீங்கள்தான். அல்லது உங்களைச் சமைக்க விட மனமில்லாமல் அம்மா. ஐந்து நாளில் மூன்று நாளாவது மரக்கறி வாங்கவும், பாத்திரம் கழுவவும் போகும். இன்னொன்றும் உண்டு. இப்படி வாடகைக்கு விடும் அபார்ட்மென்ட்களில் நான் பார்த்த சமையலறைகள் நம்முடைய சமையலுக்கென்று வைத்தவை அல்ல. மைக்ரோவேவ் இருக்கும், ஆறு கண்ணாடிக் கிளாஸ் இருக்கும், முள்ளுக்கரண்டி டசின் கணக்கில் இருக்கும். தேங்காய் திருவலை இருக்காது. இடியப்ப உரல் இருக்காது. கத்தி தக்காளியைக்கூட நசுக்கும். காஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சமென்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குச் சொதியும் சம்பலும் இடியப்பமும் வேண்டுமென்றால் டவுனில் காலையில் சூடாகவே வாங்கலாம். நேரத்துக்குத் தேத்தண்ணி வேண்டுமென்றால் அறையில் ஒரு கேத்தல் போதும், அறை எடுக்கும்போதே அதைக் கேட்டு வையுங்கள்.

இதற்காக அபார்ட்மென்ட் எப்போதும் பிழை என்று நினைக்க வேண்டாம். என் மூத்த அக்காவுக்குக் கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தபோது வெள்ளவத்தையில் மூன்று கிழமை ஒரு அபார்ட்மென்ட் எடுத்துத்தான் இருந்தோம். அந்தச் சமையலறை இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. காலையில் கஞ்சி, மத்தியானம் குழைந்த சோறும் உறைப்பில்லாத மீன் சொதியும் பிளாஸ்கிலும் கரியரிலும் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். துணி தோய்க்க மெஷின் இருந்தது, பார்க்க வந்த ஆட்களை இருத்த ஒரு ஹோல் இருந்தது. ஹோட்டல் அறையில் அந்த மூன்று கிழமையை ஓட்டியிருக்கவே முடியாது. ஆனால் அங்கேயும் ஒரு சனிக்கிழமை இரவு தண்ணீர் நின்றுவிட்டது. சாவியைத் தந்த ஆளின் போன் அடுத்த நாள் பத்து மணி வரைக்கும் வேலை செய்யவில்லை. அக்காவுக்குக் காயம் துடைக்கப் போத்தல் தண்ணீர் வாங்கிக் கொதிக்க வைத்தேன். போகும்போது ஏசிக்கு ஓடிய மின்சாரத்துக்குத் தனிக் கணக்கு வந்தது, துப்புரவுக்கு இன்னொரு கணக்கு. ஆகவே உங்கள் கணவர் பார்த்து வைத்திருக்கும் விலையில் இவையெல்லாம் அடங்குமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். அதோடு உப்புவெளியிலிருந்து டவுனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஓட்டோ என்பதையும் கூட்டச் சொல்லுங்கள். ஐந்து பேருக்கு ஒரு ஓட்டோ காணாது. கூட்டிப் பார்த்தால் இரண்டு ஹோட்டல் அறைக்கும் அதற்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்காது.

வந்து இறங்கும் நேரமும் ஒரு விஷயம். கட்டுநாயக்காவில் இரவு இறங்கி வான் பிடித்தால் விடிய இங்கே வந்துவிடுவீர்கள். அறை கிடைப்பது மத்தியானம் ஒன்று, இரண்டுக்குத்தான், எங்கே எடுத்தாலும் அப்படித்தான். ஹோட்டல் என்றால் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவி, சாப்பிட்டு, அம்மாவை ஒரு கதிரையில் சாய விடலாம். அபார்ட்மென்டில் முதல் ஆட்கள் போகும்வரை தெருவில் பெட்டியோடு நிற்க வேண்டிவரும்.

ஹோட்டலிலும் பார்க்க வேண்டியது உண்டு. டவுனில் பல கட்டடங்களில் லிப்ட் இல்லை. கீழ்மாடி அறை, அல்லது லிப்ட் வேலை செய்கிறதா என்பதைப் போனில் வாயால் கேட்டு உறுதி செய்யுங்கள், படத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேண்டாம், விடிய ஹோர்ன் சத்தம் தூங்க விடாது. கீழே கல்யாண மண்டபம் உள்ள இடமென்றால் அந்த ஐந்து நாளில் ஏதும் கல்யாணம் உண்டா என்று கேளுங்கள். கொமோட் பக்கத்தில் பிடிக்கக் கம்பி இருக்கிறதா என்பதும் முக்கியம். மகளை அம்மாவோடு ஒரே அறையில் விடுங்கள். பதின்மூன்று வயதில் கொஞ்சம் முணுமுணுப்பாள், ஆனால் இரவில் அம்மா சொல்லப்போகும் கதைகளைக் கேட்க ஆள் வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும், அது நியாயம். மே முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும், நீங்கள் வருவது நல்ல காலம். ஒரு நாள் முழுக்க உப்புவெளிக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள். இன்னொரு நாள் விடிய நிலாவெளிக்குப் போனால் புறாத்தீவுக்குப் படகு எடுக்கலாம். அது தேசியப் பூங்கா. முருகைக்கல்லில், அதாவது பவளப்பாறையில், கால் வைக்காமல் நீந்தப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். அம்மா அதற்கு வர மாட்டார், அவரை டவுனில் விட்டுவிட்டுப் போகலாம். டவுனில் தங்குவதில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது. உப்புவெளியிலிருந்தால் நீங்கள் படகில் போகும்போது அவர் பூட்டிய வீட்டில் தனியே இருக்க வேண்டும்.

ஆடியில் வருகிறீர்கள் என்றபடியால் ஒன்று. உங்கள் அப்பா காலமாகிவிட்டார் என்றால், ஆடி அமாவாசை உங்கள் ஐந்து நாளுக்குள் விழுகிறதா என்று பஞ்சாங்கத்தில் பாருங்கள். விழுந்தால் அம்மா பிதிர்க்கடனுக்குக் கன்னியாவுக்குப் போகக் கேட்பார். அனுராதபுரம் வீதியில் எட்டுக் கிலோமீற்றர் அளவில் வரும், ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒவ்வொரு சூட்டில். அன்றைக்குச் சனம் கூட வரும். வானை முதல் நாளே பேசி வையுங்கள்.

கோணேசர் கோயிலுக்குக் காலை ஏழு மணிக்கு முன்னால் புறப்படுங்கள். கோட்டை வாசலிலிருந்து ஏற்றம்தான், முழங்கால் வலி என்றால் ஓட்டோவில் மேலே போங்கள். அம்மா நடந்துதான் போவேன் என்றால் விடுங்கள், கூட நடங்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் எனக்கு ஒரு பதில் எழுதுங்கள். பழைய வீடு டைக் வீதியின் எந்த முனையில் இருந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஹோட்டல்களின் பெயர்களையும் எழுதுங்கள். ஒரு காலை ஐந்தரைக்கு ஒவ்வொன்றிலிருந்தும் அந்த முனைக்கும் காளி கோயிலுக்கும் நடந்து பார்க்கிறேன். எழுபத்து நாலு வயது நடைக்கு எத்தனை நிமிடம், எங்கே நடைபாதை உடைந்திருக்கிறது, வழியில் இருந்து இளைப்பாற இடம் உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா