58-ஆம் இடத்தில் நின்றுபோகும் சிடிஎன்ஏ

மனித செல்லின் டிஆர்என்ஏவை (புரதம் கட்ட அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் சிறு ஆர்என்ஏ) படியெடுத்தால் 58-ஆம் இடத்திலேயே சிடிஎன்ஏ (ஆர்என்ஏவைப் பார்த்து எழுதப்படும் டிஎன்ஏ படி) நின்றுவிடுகிறது, ஆர்என்ஏ சிதைந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், பெரும்பாலும் சிதைவு இல்லை. டிஆர்எம்டி6, டிஆர்எம்டி61ஏ இரண்டும் சேர்ந்த நொதி 58-ஆம் இடத்தில் உள்ள அடினின் காரத்தின் என்1 இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டிவிடும். இணை சேர வேண்டிய பக்கமே அடைபடுவதால் படியெடுக்கும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் அங்கே தடுக்கி நிற்கிறது.

மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஈ.கோலையின் ஆல்க்பி நொதியைக் கொடுத்துப் பாருங்கள். அது மெத்திலை எடுத்துவிடும். அந்தப் பாதியில் மட்டும் நீளமான படி வந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஆல்க்பிக்குத் தேவையான ஃபெர்ரஸ் இரும்புக் கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள். காற்றுப் பட்டால் கெட்டுவிடும், நொதி வேலை செய்யாது.

அப்புறம், சில டிஆர்என்ஏக்களில் 34-ஆம் இடத்து அடினின் (ஏ), படியில் குவானினாக (ஜி) தெரிந்தால் மரபணு மாற்றம் என்று எழுதிவிடாதீர்கள். அது ஏடாட்2–ஏடாட்3 நொதி அடினினை மாற்றி உண்டாக்கிய இனோசின்; படியெடுக்கும்போது ஜி போலவே படிக்கப்படும்.