சேலத்து மண்ணில் கௌபாய் காமெடி: கேள்வி பதில்

சேலம், ஏற்காடு, மேட்டூர் வட்டாரத்தில் சின்ன பட்ஜெட்டில் கௌபாய் பாணியில் ஒரு பயணக் காமெடிப் படம் எடுக்கக் கிளம்பியிருப்பவர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: கதையை எழுதிவிட்டு இடம் தேடாதீர்கள். இடத்தைப் பார்த்துவிட்டுக் கதையை எழுதுங்கள். இந்த வட்டாரத்தில் செட் போட வேண்டிய அவசியமே வராது, பெரிய செலவு அங்கேயே மிச்சம்.

அண்ணே, குதிரை இல்லாம கௌபாய் படமா? ரெண்டு குதிரை வாடகைக்குக் கிடைக்குது, எடுத்துக்கலாமா? (ஓமலூர்)

வேண்டாம். விலங்கை நடிக்க வைத்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் தணிக்கைக்குப் போனால் படம் அங்கேயே நிற்கும். சின்னக் குழுவுக்கு இது தாங்காது.

குதிரைக்குப் பதில் டிவிஎஸ் எக்ஸ்எல். ஆனால் அதைக் குதிரையாகவே நடத்த வேண்டும். நாயகன் இடது பக்கமாகத்தான் ஏறுவான், டீக்கடைத் தூணில் கயிற்றால் கட்டுவான், இறங்கியதும் சீட்டைத் தட்டிக் கொடுப்பான். நடிகர் ஒரு இடத்தில்கூடச் சிரிக்கக் கூடாது. சிரித்தால் "நாங்க கிண்டல் பண்றோம்" என்று சொன்ன மாதிரி ஆகிவிடும், காமெடி செத்துப்போகும்.

ஒரே நிறத்தில் இரண்டு வண்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நின்றுபோனால் அன்றைய நாளே போய்விடும். கண்ணாடி, மூட்டையின் முடிச்சு, டேங்கில் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாவற்றையும் ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் போட்டோ எடுத்து வையுங்கள். எக்ஸ்எல்லுக்கு கியர் மாற்றும் வசதி கிடையாது. இரண்டு பேரும் மூட்டையுமாக மலையேறினால் திணறும். இறங்கும்போது டிரம் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும், அதனால் நடுவில் நிறுத்தி ஆறவிட்டே இறக்குங்கள்.

வெள்ளைக்கல் மேடுகள்ல எடுத்த டெஸ்ட் ஷாட்ல ஆள் முகம் எல்லாம் கரியா வருது. கேமராவுல கோளாறா? (கருப்பூர்)

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. மேக்னசைட் கழிவு மேடு முழுக்க வெள்ளை. கேமராவின் ஒளி மீட்டர் அந்த வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும், கூடவே முகத்தையும் இருட்டாக்கிவிடும். ஆட்டோவை அணைத்துவிட்டு மீட்டர் சொல்வதைவிட ஒன்றரை ஸ்டாப் ஏற்றி வையுங்கள் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் ஒளி இரட்டிப்பாகும், குறைத்தால் பாதியாகும்). மிகையாக வெளுக்கும் இடத்தில் கோடு போட்டுக் காட்டும் ஜீப்ரா வசதி 95-ல் இருக்கட்டும், மண்ணில் கோடு லேசாகத் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

நடுப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்றால் லென்ஸ் திறப்பு எஃப் 22 வரும். எஃப் 5.6-ல் எடுக்க நான்கு ஸ்டாப் குறைக்க வேண்டும், அதாவது ஒளியைப் பதினாறில் ஒரு பங்காக்கும் என்டி 16 ஃபில்டர். பிறகு நிறம் திருத்த வசதியான லாக் முறையில் ஐஎஸ்ஓ 800-லிருந்துதான் எடுக்க முடியும் என்றால் இன்னும் மூன்று ஸ்டாப், என்டி 128. ஃபில்டர் வாங்காமல் ஷட்டரை 1/1000-க்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. தூசியும் நடையும் வெட்டி வெட்டித் தெரியும், கௌபாய் படத்தின் சோம்பலான அழகே போய்விடும்.

இன்னொரு சிக்கல் தொப்பி. மேலே தொப்பி நிழல், கீழே வெள்ளை மண்ணிலிருந்து எதிரொளி. தாடையும் மூக்கின் அடியும் மினுங்கி, கண் மட்டும் குழியாகத் தெரியும். இங்கே வெளிச்சத்தை எதிரொளிக்கும் தெர்மாகோல் தேவையில்லை. அதற்கு நேர்மாறாக, ஃப்ரேமுக்கு வெளியே நடிகரின் காலடியில் ஆறடிக்கு ஆறடி கறுப்புத் துணியை விரித்துப் பாருங்கள், முகம் உடனே சரியாகும். காலை 7 முதல் 9, மாலை 4-க்கு மேல், இந்த நேரங்களில்தான் க்ளோசப்.

அந்த மேடுகள் குத்தகை நிலம், பழைய குழிகளின் விளிம்பு சரியக்கூடியது. குத்தகை எடுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் வெளியே சாலையோரத்தில் ஆளை நிறுத்தி, 135 மிமீ லென்ஸில் மேட்டைப் பின்னணியாக இழுத்துக்கொள்ளலாம். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆளில்லாத பாழடைந்த ஊர் ஒன்று வேண்டும். செட் போடக் காசில்லை. (ஆத்தூர்)

மேட்டூர் அணை. முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது பண்ணவாடி பக்கம், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே வரும், சுற்றிலும் வெடித்த வண்டல். டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஆகவே பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை வாய்ப்பு அதிகம். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அந்த இடம் தண்ணீருக்குள்தான் இருக்கும், அதற்கு மாற்றுக் காட்சி ஒன்றை எழுதி வையுங்கள்.

மேல் மண் காய்ந்து பாளமாகத் தெரியும், அடியில் சேறு இருக்கும். ஒரு கம்பைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை இறக்க வேண்டும். நீர்வளத்துறைக்கும் உள்ளூர் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். நந்தியை மக்கள் கும்பிடுகிறார்கள். அதன் மேல் ஏறி நிற்பது, துப்பாக்கி நீட்டுவது எதுவும் கூடாது.

ஏற்காடு மலைப்பாதையில் துரத்தல் காட்சி. எடிட்டில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே புரியவில்லை. (சேலம், அஸ்தம்பட்டி)

சேலம் பக்கத்துப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி போகும் திசை மாறுகிறது. இடமிருந்து வலம் போனவன் அடுத்த துண்டில் வலமிருந்து இடம் வருவான். இரண்டையும் ஒட்டினால் அவன் திரும்பி வருகிறான் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

ஒன்று விட்டு ஒன்றாக, ஒரே திசையில் போகும் துண்டுகளில் மட்டும் எடுங்கள். வெயிலும் ஏறக்குறைய ஒரே பக்கத்திலிருந்து விழும். திசை மாறுவதைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் வளைவின் உள்பக்கம் கேமராவை வைத்து, வெட்டாமல், கேமராவைத் திருப்பியபடி ஒரே பேனில் காட்டுங்கள். வைட் ஷாட்களை முதலில் முடியுங்கள். பனிமூட்டம் இறங்கினால் பின்னணி மறையும், அப்போது க்ளோசப்புக்குப் போகலாம். சனி, ஞாயிறு வேண்டாம். போலீஸ் அனுமதியோடு வளைவின் இரு முனையிலும் வாக்கிடாக்கியோடு ஆள் நிற்க வேண்டும். சாப்பாட்டுப் பையை வண்டியில் பூட்டி வையுங்கள், குரங்குகள் விடாது.

அனமார்பிக் லென்ஸ் கட்டாயமா? (நாமக்கல்)

இல்லை. அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதியும் அந்த லென்ஸ் இல்லாமலே அகலம் கிடைக்கும். 1960-களின் இத்தாலிய கௌபாய் படங்கள் பலவும் டெக்னிஸ்கோப் என்ற ஃபிலிம் முறையில் எடுக்கப்பட்டவை. ஒரு ஃப்ரேமுக்கு ஃபிலிம் ஓரத்தில் நான்கு துளைக்குப் பதில் இரண்டு துளை, சாதாரண லென்ஸ், ஃபிலிம் செலவு பாதி. அந்த அகலமான பிரம்மாண்டமே சிக்கனத்தில் பிறந்ததுதான். நீங்கள் 3840×2160-ல் எடுத்து 3840×1607-க்கு வெட்டுங்கள். மானிட்டரில் மேலும் கீழும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எடிட்டில் தொப்பி பாதி போய்விடும்.

காற்றில் உருண்டு போகுமே அந்த முட்செடி, அதுக்கு என்ன பண்றது அண்ணே? (தாரமங்கலம்)

கடற்கரை மணலில் வளரும் ராவணன் மீசைப் புல்லின் காய்ந்த தலை. இயல்பாகவே காற்றில் உருளக்கூடியது. கடலோரம் போகிறவரிடம் சொல்லி ஒரு சாக்கு வரவழையுங்கள். மெல்லிய தூண்டில் நரம்பு கட்டி இழுத்தால் போதும்.

துப்பாக்கி? (சங்ககிரி)

காமெடிக்குத் தீபாவளி ரோல் கேப் துப்பாக்கியே சரி. ஏற்காட்டு ஈரத்தில் கேப் நமத்துப் புகையாது, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நிஜம் போலத் தெரியும் டம்மி என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஷாட் நேரம் தவிரத் துணியில் சுற்றியே வைக்க வேண்டும்.

கடைசி மோதலைத் தட்டுவடை செட் கடையில் வைக்கிறோம். மிச்சமிருக்கும் ஒரு செட்டுக்காக (சட்னியும் காய்த் துருவலும் வைத்த தட்டுவடை) இரண்டு பேர். ஷாட்களை எப்படிப் பிரிப்பது? (செவ்வாய்ப்பேட்டை)

அருமையான யோசனை. முதலில் வைட், 6 விநாடி. தோள் வழியாக 4. தட்டின் ஓரத்தை நெருங்கும் விரல் 3. பிறகு கண்கள் 2, 2, 1, 1 என்று சுருங்கட்டும். உச்சத்தில் மறுபடி வைட்டுக்கு வந்து 5 விநாடி எதுவுமே நடக்கக் கூடாது. சிரிப்பு அந்த அசைவின்மையில்தான் வரும். கடைக்காரர் செட்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வதும் அதே வைட்டில்தான். அங்கே க்ளோசப்புக்கு வெட்டினால் வீண்.

சட்னி தடவிய சில நிமிடங்களில் தட்டுவடை நமத்து, கடிக்கும் சத்தம் போய்விடும். கேரட், பீட்ரூட் துருவல் தனி, சட்னி தனி என்று வைத்து டேக்குக்கு முன்னால் சேருங்கள். 30 செட்டுக்குத் தயாராக இருங்கள். பீட்ரூட் கறை போகாது, வெள்ளைச் சட்டை என்றால் மூன்று வேண்டும்.

பின்னணி இசைக்கு ஆள் வைக்கக் காசில்லை. (ஏற்காடு)

விசிலும் மோர்சிங்கும் போதும். என்னியோ மொரிக்கோனே தன் கௌபாய் இசையில் பயன்படுத்திய தாடை இசைக்கருவி மோர்சிங்கின் உறவுதான். அது ஒரே சுருதியில்தான் பேசும். கருவியின் நடுவிலுள்ள கம்பி நாக்கின் நுனியில் தேன்மெழுகு வைத்தால் சுருதி கொஞ்சம் இறங்கும், அவ்வளவே. ஆகவே மோர்சிங்கின் சுருதிக்கு மெட்டுப் போடுங்கள். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளிச் சாய்த்து வையுங்கள், மூச்சு இடிக்காது. பூட்ஸின் குதிகாலில் இருக்கும் முள் சக்கரத்தின் சத்தத்துக்குச் சேலத்து வெள்ளிக் கொலுசு. இரண்டு மூன்று முத்து உள்ளதாகப் பாருங்கள், அதிகம் இருந்தால் வில்லன் நாட்டியம் ஆட வருகிற மாதிரி கேட்கும்.

ட்ரோன் பறக்க விடலாமா? (கருப்பூர்)

250 கிராமுக்குள் இருந்தால் பைலட் சான்றிதழ் வேண்டாம், ஆனால் வான்வெளி விதி எல்லாருக்கும் ஒன்றுதான். காமலாபுரம் விமான நிலையச் சுற்றுவேலியிலிருந்து 8 கி.மீ.க்குள் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. 8 முதல் 12 கி.மீ. வரை அனுமதி இல்லாமல் 200 அடி உயரம்தான். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள ட்ரோன் வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் விழுகிறது என்று கிளம்புகிற அன்று காலையிலேயே பாருங்கள். ஏற்காட்டில் காப்புக்காட்டுக்கு மேல் என்றால் வனத்துறையிடமும் தனியாகக் கேட்க வேண்டும்.