புதிதாக வந்த ஆசிரியருக்குக் கைகொடுப்பது யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சுயநிதிக் கல்லூரியில் ஷிப்ட் 2இல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. நான் வருகிற நேரத்தில் ஷிப்ட் 1 சீனியர்கள் கிளம்பிவிடுகிறார்கள். துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) நல்லவர்தான். ஆனால் அவரிடம் சந்தேகம் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று நினைத்துவிடுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது. நல்ல மென்டரை, அதாவது வழிகாட்டியை, எப்படித் தேடுவது?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. வருடக் கடைசியில் உங்களைப் பற்றிக் குறிப்பு எழுதப்போகிறவரிடம் போய், 'பின்பெஞ்சில் யாரும் கவனிப்பதே இல்லை, என்ன செய்வது சார்?' என்று கேட்க யாருக்கும் வாய் வராது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர் பி.எட்.டில் பயிற்சி வகுப்பு எடுத்துவிட்டுப் போகிறார். கல்லூரிக்கு நெட், செட் தகுதித் தேர்வு அல்லது பிஹெச்.டி. போதும். அறுபது பேர் முன்னால் போய் நிற்கிற அந்த முதல் நாள்தான் பலருக்குப் பயிற்சியின் முதல் நாளும். அதனால் உதவி தேவைப்படுவதை உங்கள் குறையாக நினைக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைத் தேடாதீர்கள். இந்த செமஸ்டரில் எங்கெங்கே முட்டிக்கொள்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாடம் நடத்துவது, இன்டர்னல் மார்க், ஆபீஸ் நடைமுறை, ஆய்வுக் கட்டுரை, மனபாரம் என்று பிரித்து எழுதினாலே ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் ஞாபகத்துக்கு வரும். லீவு, சர்வீஸ் ரெஜிஸ்டர் விஷயங்களைப் பேராசிரியர்களைவிட ஆபீஸ் சூப்பரின்டென்டன்ட் தெளிவாகச் சொல்வார். பாடத்துக்கு, அதே பேப்பரைப் போன வருடம் எடுத்தவரிடம் போங்கள். ஆய்வுக்கு உங்கள் பழைய கைடு இருக்கிறார். மனபாரத்துக்கு, உங்களைவிட இரண்டு மூன்று வருடம் முன்னால் சேர்ந்தவர்தான் சரி. பட்ட அடி அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

யாரிடமும் 'எனக்கு மென்டராக இருங்கள்' என்று கேட்காதீர்கள். அது எத்தனை நாள் வேலை, எவ்வளவு வேலை என்று அவருக்குப் புரியாது. 'பார்க்கலாம்மா' என்பார், பேச்சு அத்தோடு நின்றுவிடும். என்ன உதவி வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். உதாரணமாக: 'வணக்கம் மேடம். பி.காம். இரண்டாம் ஆண்டு காஸ்ட் அக்கவுண்டிங் இந்த முறை எனக்கு வந்திருக்கிறது. முதல் இன்டர்னலுக்கு கொஸ்டின் பேப்பர் எழுதியிருக்கிறேன், இரண்டு பக்கம். புதன்கிழமை நீங்கள் கிளம்பும் முன் 20 நிமிடம் கிடைக்குமா? பார்ட் பி கேள்விகளை ஒன்றரை மணி நேரத்தில் எழுத முடியுமா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும்.' இதற்கு மறுப்பவர்கள் குறைவு. ஷிப்ட் மாறுகிற அந்த அரைமணி நேரத்தை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், வாரத்தில் ஒரு நாள் சீக்கிரம் வந்தால் போதும். அவர் சொன்னபடி செய்தபின் என்ன ஆயிற்று என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் பழக்கம் இரண்டாவது சந்திப்போடு அறுந்துபோகிறது.

கேள்வி: எனக்கே வழிகாட்ட ஆள் இல்லை. ஆனால் சேர்ந்த மாதமே 20 மாணவர்களுக்கு என்னை மென்டராகப் போட்டு ஃபைலும் கொடுத்துவிட்டார்கள். என்ன செய்ய?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: அது, கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்காகவும் கல்லூரிகள் நடத்துகிற மாணவர் வழிகாட்டல். நீங்கள் தேடுவது வேறு. இந்தப் பொறுப்பில் உங்கள் வேலை அட்டெண்டன்ஸ், அரியர், ஃபீஸ் பாக்கி போன்றவற்றை முன்கூட்டியே கவனித்து உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பது. நீங்கள் மனநல ஆலோசகர் அல்ல. மாணவர் கலங்கிப்போயிருந்தால் கல்லூரி கவுன்சலரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் கொடுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அந்த எண் உங்களுக்கும்தான். வீட்டுச் சண்டை, காதல், நோய் விவரங்களை மட்டும் ஃபைலில் எழுதாதீர்கள். அந்த ஃபைலை யார் யாரோ புரட்டுவார்கள்.

கேள்வி: புதிதாகச் சேர்ந்த ஐந்து பேர் சனிக்கிழமைதோறும் கூடிப் பேச ஆரம்பித்தோம். மூன்று வாரத்தில் அது வெறும் புலம்பலாகிவிட்டது. இப்போது இரண்டு பேர் வருவதில்லை. எப்படிச் சரிசெய்வது?
– வாசகி, வேளச்சேரி

பதில்: புலம்பலைத் தடுக்காதீர்கள், அதற்கு 10 நிமிடம் ஒதுக்குங்கள். அதற்குமேல் போனால் எல்லாரும் வந்ததைவிடச் சோர்ந்துபோய்த்தான் வீட்டுக்குப் போவார்கள். வாராவாரம் என்பதும் அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் போதும். நவம்பர், ஏப்ரல் விடைத்தாள் வேல்யூவேஷன் சமயத்தில் கூட்டமே வேண்டாம் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நடுவில் தானாக நின்றுபோன குழுவை மறுபடி கூட்டுவது கடினம்.

கூட்டத்தின் நடுப்பகுதிக்கு நுண்ணிலைக் கற்பித்தலை (மைக்ரோ டீச்சிங்) எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை இது. நம் பி.எட். கல்லூரிகளில் என்.சி.இ.ஆர்.டி. வகுத்த 36 நிமிடச் சுற்றாக நடக்கிறது. ஒருவர் 6 நிமிடம் பாடம் நடத்துகிறார். 6 நிமிடம் மற்றவர்கள் கருத்துச் சொல்கிறார்கள். 12 நிமிடத்தில் அவர் பாடத்தை மாற்றி அமைக்கிறார். மறுபடி 6 நிமிடம் நடத்துகிறார், கடைசி 6 நிமிடம் மறுபடி கருத்து. ஒரு கூட்டத்துக்கு ஒருவர்தான். செமஸ்டருக்குள் ஐந்து பேருக்கும் முறை வந்துவிடும்.

இதில் சறுக்குவது கருத்துச் சொல்கிற இடத்தில்தான். 'நல்லா இருந்தது, கொஞ்சம் வேகம்' என்றால் அதை வைத்து எதையும் மாற்ற முடியாது. கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதிவைத்துச் சொல்லுங்கள். 'கேள்வி கேட்ட ஒரு விநாடியில் நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். இரண்டாவது ஃபார்முலா எழுதும்போது போர்டைப் பார்த்தே பேசினீர்கள்.' இப்படிச் சொன்னால் அடுத்த 12 நிமிடத்தில் அவருக்குச் செய்ய வேலை இருக்கும். கேள்வி கேட்டபின் குறைந்தது 3 விநாடி காத்திருப்பது என்ற ஒன்றைப் பழகினாலே வகுப்பில் வாய் திறக்கிற மாணவர்கள் கூடுவார்கள். முடிந்தால் வேறு துறைக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடம் தெரியாதவருக்குத்தான் மாணவன் எங்கே வழிதவறுகிறான் என்று சட்டென்று தெரியும்.

கடைசி 10 நிமிடத்தில் ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்குள் முடிக்கப்போகிற ஒரு வேலையைச் சொல்லி, ஒரே நோட்டில் எழுதிவையுங்கள். 'பேப்பர் எழுதுவேன்' என்பது வேலை ஆகாது. 'அட்டவணை 2ஐ முடிப்பேன்' என்பதுதான் வேலை. மாணவர் பெயர், ஹெச்.ஓ.டி. பற்றிய பேச்சு எதையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அதில் தேதியும் இடமும் மட்டும் இருக்கட்டும். கட்டுரை எழுதுகிறவர்கள் மாதம் ஒரு முறை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதலாம். அங்கே சத்தமாகப் பேச முடியாது என்பதே பெரிய வசதி.

கேள்வி: பயிற்சி வகுப்பு எதற்குப் போனால் பதவி உயர்வுக்குக் கணக்கில் வரும்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியர் சம்பள நிலை 10இலிருந்து 11க்குப் போக, பிஹெச்.டி. இருந்தால் 4 ஆண்டு, எம்.ஃபில். என்றால் 5, இரண்டும் இல்லாவிட்டால் 6 ஆண்டு பணி வேண்டும். அத்தோடு 21 நாள் ஓரியன்டேஷன் ஒன்றும் முடித்திருக்க வேண்டும். இதை நடத்திய பழைய ஹெச்.ஆர்.டி.சி. மையங்கள் 2023 முதல் மாளவியா மிஷன் பயிற்சி மையங்கள் ஆகிவிட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஒன்று உண்டு. பொறியியல்காரர்களுக்குத் தரமணியில் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனமான என்.ஐ.டி.டி.டி.ஆர். இருக்கிறது. கடைசி வருடம்வரை தள்ளிப்போடாதீர்கள். இடம் கிடைத்தாலும் கல்லூரியில் ஓ.டி. (பணியில் இருப்பதாகக் கணக்கிடும் அனுமதி) கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: நான் அசோசியேட் புரொஃபசர். நான்கு புதியவர்களுக்கு என்னை மென்டராக முதல்வர் நியமித்திருக்கிறார். எங்கே ஆரம்பிப்பது?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: முதலில் முதல்வரிடம் இரண்டு கேளுங்கள். ஒன்று, இந்த நால்வரின் மதிப்பீட்டு அறிக்கையை நீங்கள் எழுத மாட்டீர்கள். சந்தித்த தேதிகளை மட்டும் கொடுப்பீர்கள். இரண்டு, இதற்கான நேரம் டைம்டேபிளில் ஏற வேண்டும். 2018 விதியில் வாரத்துக்கு 40 மணி நேர வேலை; அதில் நேரடி வகுப்பு உதவிப் பேராசிரியருக்கு 16, உங்களுக்கு 14. மீதியில் ஒரு மணி நேரத்தைப் பெயர் போட்டு ஒதுக்காவிட்டால் கமிட்டி வேலைகள் அதை விழுங்கிவிடும்.

முதல் வாரம் அறிவுரை வேண்டாம். மூன்று வருடத்துப் பல்கலைக்கழக கொஸ்டின் பேப்பர்கள், போன வருட லெசன் பிளான், புரொஜெக்டர் சாவி யாரிடம் இருக்கிறது என்ற தகவல், இவைதான் அவர்களுக்கு வேண்டும். மூன்றாவது வாரம் புதியவரின் வகுப்பைப் பார்க்கப் போங்கள். முந்தின நாளே சொல்லி, 'நான் எதைக் கவனிக்கட்டும்?' என்று அவரையே கேளுங்கள். பின்பெஞ்சில் 20 நிமிடம் உட்கார்ந்தால் போதும், அன்றே தனியாகப் பேசிவிடுங்கள். மாணவர் முன்னால் ஒரு வார்த்தையும் திருத்தாதீர்கள். அப்படித் திருத்தினால் அந்த வகுப்பை அவர் மறுபடி கட்டுக்குள் கொண்டுவருவது கஷ்டம்.

முதல் இன்டர்னல் முடிந்ததும் 10 விடைத்தாள்களை அவரும் நீங்களும் தனித்தனியே திருத்தி, மார்க்கை வேறு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். பத்து மார்க் கேள்வியில் மூன்று நான்கு மார்க் வித்தியாசம் வந்தால் அவர் கண்டிப்பானவர் என்றோ தாராளமானவர் என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் விடைக்குறிப்பில் ஸ்டெப் மார்க் பிரிக்காததுதான் காரணமாக இருக்கும். அதை இருவரும் சேர்ந்து பிரித்து எழுதிவிட்டால் மாணவர் வந்து கேட்கும்போது அவருக்குப் பதில் கையில் இருக்கும்.

இன்னொன்று, சீனியராக நீங்கள் மட்டுமே செய்யக்கூடியது. கல்ச்சுரல்ஸ், நாக் ஃபைல், அட்மிஷன் டியூட்டி என்று எல்லாப் பட்டியலிலும் புதியவர் பெயரை எழுதும்போது, 'முதல் செமஸ்டரில் இவருக்கு ஒன்று போதும்' என்று டிபார்ட்மென்ட் மீட்டிங்கில் சொல்லுங்கள். அவர்களால் அதைச் சொல்ல முடியாது.

கேள்வி: எனக்கு வழிகாட்டுகிற சீனியர் என் கட்டுரையின் டேட்டா அனாலிசிஸில் உதவினார், வரைவையும் நன்றாகத் திருத்தித் தந்தார். இப்போது முதல் பெயர் தனக்கு வேண்டும் என்கிறார். நாங்கள் இரண்டே பேர். அவர் மனம் கோணாமல் எப்படிப் பேசுவது?
– வாசகர், தாம்பரம்

பதில்: மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ. வகுத்த அளவுகோலை மற்ற துறைகளும் எடுத்துக்கொள்கின்றன. ஆய்வை வடிவமைத்ததில் அல்லது தரவு, பகுப்பாய்வில் கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது கருத்தளவில் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் ஒருவர் கட்டுரையின் ஆசிரியர். மொழிப்பிழை பார்த்தவருக்கு நன்றியுரை போதும். உங்கள் சீனியருக்கு இணை ஆசிரியர் இடம் நியாயம் என்றே தோன்றுகிறது. கேள்வியும் தரவும் முதல் வரைவும் உங்களுடையது என்றால் முதல் இடம் உங்களுக்குத்தான்.

பேசுவதற்கு ஒரு வழி இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2018 விதியில் உள்ள ஆய்வுப் புள்ளிக் கணக்கில், ஒரு கட்டுரைக்கு இரண்டு ஆசிரியர்கள் என்றால் ஆளுக்கு 70 சதவீதப் புள்ளி. மூன்று பேரும் அதற்குமேலும் என்றால்தான் முதல் ஆசிரியருக்கு அல்லது இதழோடு தொடர்புகொள்ளும் ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு 30 என்று ஆகிறது. ஆகவே நீங்கள் முதலில் வருவதால் அவருக்குப் புள்ளியில் நஷ்டமே இல்லை. இதை முதலில் நேரில் சொல்லுங்கள். பிறகு, 'சார், இன்று பேசியபடி முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது தங்களுடையது. சரிபார்த்துச் சொன்னால் சப்மிட் செய்கிறேன்' என்று ஒரு மெயில் போடுங்கள். பதில் வரும்வரை சப்மிட் செய்யாதீர்கள். அடுத்த கட்டுரைக்கு இதே மெயிலை டேட்டா சேகரிக்கும் முன்பே அனுப்பிவிடுங்கள்.