குளிர்காலத்தில் வீட்டுக்குள் சைக்கிள்: அறையைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

சாலையில் பனி உறைந்து, பொழுதும் சீக்கிரம் சாயத் தொடங்கியதும் சைக்கிள் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. எந்த ட்ரெய்னர் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவி) வாங்கலாம் என்று கேட்டுத்தான் பெரும்பாலான கடிதங்கள் வருகின்றன. அதை வைக்கப்போகும் அறையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் அறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நல்ல காற்று வரும் இடத்தில் வைத்த சாதாரண ட்ரெய்னரிலேயே குளிர்காலம் முழுக்க ஓட்டிவிடலாம். மூச்சு முட்டும் மூலையில் வைத்தால், எவ்வளவு உயர்ந்த கருவியானாலும் சில வாரங்களில் அதில் ஏறவே மனம் வராது. அதனால் இந்த முறை அறை தொடர்பான கேள்விகளாகப் பொறுக்கி எடுத்திருக்கிறேன்.

கேள்வி: சைக்கிள் வைத்திருக்கும் அறை ரொம்பக் குளிர்கிறது, 12 டிகிரிதான். ஹீட்டர் வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஹீட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல மின்விசிறி வாங்குங்கள். உடம்பு செலவழிக்கும் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது. மீதி எல்லாம் வெப்பம். நீங்கள் 150 வாட்டில் மிதித்தால், உடம்பிலிருந்து 450 முதல் 600 வாட் வரை சூடாக வெளியேறியாக வேண்டும். ட்ரெய்னருக்குள் போகும் அந்த 150 வாட்டும் கடைசியில் அதே அறையில் வெப்பமாகத்தான் கலக்கும். அறையைச் சூடாக்க நீங்களே போதும்.

12 டிகிரி உண்மையில் அருமையான வெப்பநிலை. முதல் பத்து நிமிடம் மேலே ஒரு ஜாக்கெட் போட்டுக்கொண்டு மெதுவாக மிதியுங்கள். உடம்பு சூடானதும் கழற்றிவிடலாம். குளிர் பிடிப்பது முடித்த பிறகுதான். ஈரத் துணியோடு போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். துண்டும் காய்ந்த சட்டையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு மின்விசிறி போதுமா? எங்கே வைப்பது? முகத்துக்கு நேரே வைத்தால் கண் எரிகிறது.

பதில்: வீட்டுக்குள் ஓட்டுவதில் பாதி விஷயம் இந்தக் கேள்வியில் இருக்கிறது. சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் போனால் அந்த வேகத்துக்கு எதிர்காற்று உடம்பைத் தழுவிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் நம்மைச் சுற்றியுள்ள காற்று அசைவதில்லை. வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் அங்கேயே நிற்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சொட்டித் தரையில் விழும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை. அதனால்தான் வெளியே சுலபமாகப் போகும் அதே வாட்டுக்கு வீட்டுக்குள் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. கால் வலு குறைந்துவிட்டதோ என்று பலர் பயப்படுகிறார்கள். பல நேரம் காரணம் சூடுதான்.

விசிறி முகத்தைப் பார்க்கக் கூடாது, நெஞ்சைப் பார்க்க வேண்டும். நெஞ்சும் வயிறும் பெரிய பரப்பு. சைக்கிளுக்கு முன்னால் ஒன்று, ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து, ஹேண்டில்பாருக்கு மேலாகக் காற்று உடலில் படும்படி கோணத்தைச் சரிசெய்யுங்கள். மெல்லிய டிஷ்யூ தாளைப் பட்டையாகக் கிழித்துக்கொண்டு, ஓட்டும் நிலையில் உட்கார்ந்து நெஞ்சுக்கு அருகே பிடித்துப் பாருங்கள். படபடவென்று பின்பக்கம் பறந்தால் இடம் சரி. லேசாக ஆடித் தொங்கினால், காற்று ஹேண்டில்பாரிலோ தலைக்கு மேலோ போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாவது விசிறி வாங்க முடிந்தால் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் இருந்து முதுகுக்கு வையுங்கள். கனமாகப் பயிற்சி செய்பவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

இன்னொன்று, விசிறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். சுவரை ஒட்டி வைத்தால் அறையின் சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்ப வீசும். கொஞ்சம் திறந்த ஜன்னலோ கதவோ அதன் முதுகுப்பக்கம் இருந்தால் புதுக் காற்றை இழுத்துக் கொடுக்கும். ரிமோட் உள்ள விசிறி என்றால் நல்லது. முதல் சில நிமிடம் விசிறி தேவைப்படாது, அப்புறம் போடுவதற்காகச் சைக்கிளை விட்டு இறங்க வேண்டாம் அல்லவா.

கேள்வி: ஒரு மணி நேரம் ஓட்டினால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. சுவர் மூலையில் பூஞ்சை வாசனையும் வரத் தொடங்கிவிட்டது. சைக்கிளால்தானா?

பதில்: ஆமாம், பெரும்பாலும் அதனால்தான். கணக்குப் போட்டால் புரியும். மூன்றுக்கு நான்கு மீட்டர், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள அறையில் 30 கன மீட்டர் காற்று இருக்கிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக மொத்த அறைக்கும் அரை கிலோ அளவு. வீட்டுக்குள் ஒரு மணி நேரம் உழைத்து மிதித்தால் ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். அவ்வளவு ஈரத்துக்கு அந்தக் காற்றில் இடமே இல்லை. மிச்சம் எங்கே குளிர்ச்சியோ அங்கே, அதாவது கண்ணாடியிலும் வெளிச்சுவரிலும், போய்ப் படிகிறது.

ஜன்னலைத் திறங்கள். குளிர் உள்ளே வருமே என்று தயங்க வேண்டாம். பூஜ்யம் டிகிரியில் உள்ள காற்று ஒரு கன மீட்டருக்கு 5 கிராம் நீராவியைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. வெளியே ஈரமாகத் தெரிந்தாலும், உள்ளே வந்து சூடானதும் அது வறண்ட காற்றாகிவிடும். ஓட்டும்போது ஒரு சாண் அகலம் திறந்து வையுங்கள், முடித்த பின் அரை மணி நேரமாவது முழுதாகத் திறந்து, விசிறியை அப்படியே ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் மற்ற அறைகளுக்குப் போகும் கதவை மூடிவிடலாம். நனைந்த துணிகளை அங்கேயே காயப்போடாதீர்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை மாட்டி, 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் ஜன்னலை மூடுங்கள்.

கேள்வி: அடுக்குமாடியில் மூன்றாவது தளம். கீழ் வீட்டுக்காரர் ஏதோ உறுமுகிறது என்கிறார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே!

பதில்: அவர் சொல்வதை நம்புங்கள். காற்று வழியாக வரும் சத்தம் வேறு, தரை வழியாக இறங்கும் அதிர்வு வேறு. உங்களுக்குக் கேட்பது முதலாவது, அவரை வாட்டுவது இரண்டாவது. வீட்டில் யாரையாவது மிதிக்கச் சொல்லிவிட்டு, ஒரு மீட்டர் தள்ளித் தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையில் துடிப்பு தெரிந்தால் கீழேயும் தெரியும்.

மெல்லிய யோகா விரிப்பு இதற்கு உதவாது. கனமான ரப்பர் மேட், அதன் மேல் தடித்த பிளைவுட் பலகை, அதன் மேல் இன்னொரு ரப்பர் மேட் என்று அடுக்கினால் அதிர்வு வெகுவாகக் குறையும். அறையின் நடுவில் தரை அதிகம் அதிரும். சுவருக்கு அருகே நகர்த்துங்கள், ஆனால் ட்ரெய்னரோ பலகையோ சுவரைத் தொடக் கூடாது. கனமான கியரில் மெதுவாக ஓங்கி மிதிப்பதைவிட, லேசான கியரில் வேகமாகச் சுழற்றினால் தரைக்குப் போகும் இடி குறைவு. விசிறிக்கும் அடியில் ஒரு ரப்பர் துண்டு போடுங்கள். அப்புறம், கீழே இறங்கிப் போய் அவருக்கு எந்த நேரம் தொந்தரவில்லை என்று கேட்டு வையுங்கள். நேரம் தெரிந்த சத்தம் அவ்வளவாக உறுத்தாது.

கேள்வி: சின்ன அறை. எந்த வகை ட்ரெய்னர் பொருந்தும்? எவ்வளவு இடம் வேண்டும்?

பதில்: சைக்கிளின் நீளம் 170, 180 சென்டிமீட்டர் வரும். இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் தரையும், ஏறி இறங்க ஒரு பக்கம் அரை மீட்டரும் போதும். பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் டைரக்ட் டிரைவ் வகை சத்தம் குறைவு, டயரும் தேயாது. ஆனால் கனம் அதிகம், அடிக்கடி மடித்து வைக்கச் சிரமம். டயர் உருளையில் உரசி ஓடும் வகை மலிவு, இலகு. ரோலர், அதாவது சைக்கிளைப் பிடித்துக்கொள்ளாமல் உருளைகளின் மேல் ஓடவிடும் வகை, சமநிலை பழக அருமையானது, ஆனால் நெருக்கடியான அறையில் புதியவர்களுக்கு வேண்டாம். வாங்கும் முன் உங்கள் சைக்கிளின் பின் அச்சு எந்த வகை, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வியர்வையால் சைக்கிள் கெட்டுப்போகுமா?

பதில்: கெட்டுப்போகும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வியர்வை உப்புத் தண்ணீர். அது ஹேண்டில்பார் டேப்புக்குள் ஊறி, அலுமினியக் குழாயை மெல்ல அரிக்கும். டேப்பைப் பிரித்தால் வெள்ளைப் பொடி பூத்திருக்கும்; அதைத் துடைத்தால் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். குழி விழுந்த ஹேண்டில்பாரைத் தயவுசெய்து சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள். ஓட்டத்தின் நடுவே அது முறிந்தால் விளைவு பயங்கரமாக இருக்கும். குளிர்காலம் முடிந்ததும் டேப்பைப் பிரித்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்.

ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளும், அதற்குக் கீழே ஹேண்டில்பார் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்கும் அடுத்த பலி. ஹேண்டில்பாரிலிருந்து சீட் வரை ஒரு துண்டை விரித்துக் கட்டுங்கள். ஓட்டி முடித்ததும் ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். வெறும் காய்ந்த துணி உப்பைத் தேய்த்துப் பரப்பத்தான் செய்யும்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் (ஹைட்ராலிக்) டிஸ்க் பிரேக் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டால் பிரேக் பேடுகளுக்கு நடுவே டிஸ்க் இருக்காது. பழக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் பேடுகள் நெருங்கி, அப்படியே நின்றுவிடும். அப்புறம் சக்கரம் உள்ளே போகாது. சைக்கிளோடு வந்த பிளாஸ்டிக் துண்டையோ மடித்த அட்டையையோ இடையில் செருகி வையுங்கள்.

கேள்வி: வெளியே மூன்று மணி நேரம் உட்காருவேன். வீட்டில் நாற்பது நிமிடத்தில் உட்காரும் இடம் வலிக்கிறது, கையும் மரத்துப்போகிறது.

பதில்: வெளியே மேடு, வளைவு, சிக்னல் என்று உடம்பு அசைந்துகொண்டே இருக்கும். உள்ளே எடை முழுவதும் ஒரே இடத்தில் அழுத்துகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் எழுந்து நின்று மிதியுங்கள். கை மரப்புக்குச் சைக்கிள் முன்பக்கம் சாய்ந்திருப்பது காரணமாக இருக்கலாம். தரையிலிருந்து முன் அச்சு எவ்வளவு உயரம், பின் அச்சு எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் முன் சக்கரத்தின் அடியில் கட்டை கொடுத்துச் சமமாக்குங்கள்.

கேள்வி: பாதியில் ட்ரெய்னருக்கும் கணினிக்கும் இடையிலான இணைப்பு அறுந்துவிடுகிறது.

பதில்: முதலில் போனில் ட்ரெய்னர் நிறுவனத்தின் ஆப் திறந்திருக்கிறதா பாருங்கள். புளூடூத் பல நேரம் ஒரு கருவியோடுதான் பேசும். போன் பிடித்துக்கொண்டால் கணினிக்குக் கிடைக்காது. ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா இணைப்புக்காகக் கணினியில் செருகும் டாங்கிள் என்றால் நீட்டிப்பு ஒயரில் மாட்டி ட்ரெய்னருக்கு அருகே கொண்டுவாருங்கள். வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும், ஏனெனில் புளூடூத்தும் ஆன்ட் பிளஸும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் நெருக்கியடிக்கின்றன.

கேள்வி: கார் ஷெட்டில் வைக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் பெட்ரோல், மண்ணெண்ணெய், கேஸ் எரியும் எந்த ஹீட்டரும் அங்கே கூடாது, கார் இன்ஜினும் ஓடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. வேகமாக மூச்சு வாங்கும்போது இன்னும் சீக்கிரம் உடம்பில் ஏறும். டயர் உரசும் வகை ட்ரெய்னர் என்றால், பத்து நிமிடம் ஓட்டி டயர் சூடான பிறகே ட்ரெய்னர் காட்டும் வாட் அளவைச் சரிபாருங்கள். குளிரில் கிடந்த ட்ரெய்னரைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால், உள்ளே படிந்த ஈரம் காயும் வரை சில மணி நேரம் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: நிறைய. நீங்கள் மிதிப்பதை நிறுத்தினாலும் ட்ரெய்னரின் ஃப்ளைவீல் என்ற கனமான சுழல் சக்கரம் சில நொடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். செயினும் பல்சக்கரமும் உங்கள் முதுகுக்குப் பின்னால், குழந்தையின் கை உயரத்தில் இருக்கின்றன. அதனால் பின்பக்கம் சுவர் பக்கமாகவும், உங்கள் முகம் கதவைப் பார்த்தும் இருக்கும்படி சைக்கிளை வையுங்கள். கதவு திறந்தால் உடனே தெரிய வேண்டும். இரண்டு காதையும் அடைக்கும் ஹெட்போன் வேண்டாம். குழந்தை உள்ளே வந்துவிட்டால் மிதிப்பதை நிறுத்தி, சக்கரம் நிற்கும் வரை பேச்சுக் கொடுத்துத் தள்ளியே நிற்க வையுங்கள். ஓட்டாத நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிட்டு, அறையைத் தாழ்ப்பாள் போட்டு வையுங்கள். குழந்தைக்குச் செயினைக் கையால் சுற்றிப் பார்க்க ஆசை வரும், அதற்கு மின்சாரம் தேவையில்லை.